தொட்டுப் பார்க்கும் சிற்பம்: வெண்கலமா, கருங்கல்லா, சுடுமண்ணா, ஃபைபரா?

பழைய மாணவர் சங்கமோ ஊராட்சியோ வணிகர் சங்கமோ பணம் ஒதுக்கிவிட்டது. பூங்காவிலோ பேருந்து நிலையத்திலோ பார்வையற்றோர் கையால் பார்க்கும்படி ஒரு சிற்பம் வைக்க வேண்டும். கூட்டத்தில் அடுத்து எழும் கேள்வி எதில் செய்வது என்பதுதான். சுவாமிமலை பக்கத்தில்தானே இருக்கிறது, வெண்கலத்தில் வார்த்துவிடலாம் என்பார் ஒருவர். கல்தான் காலத்துக்கும் நிற்கும் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் கையில் ஃபைபர் கொட்டேஷன் இருக்கும். மற்ற இரண்டையும்விட அது மிகக் குறைவாக இருப்பதால் கூட்டம் அந்தப் பக்கம் சாயும்.

இந்த வரிசையே தலைகீழ். இடத்துக்கு நிழல் உண்டா, தினமும் யார் பார்த்துக்கொள்வார்கள், என்ன உருவம், என்ன அளவு ஆகிய நான்கும் முடிவானால் பொருள் பெரும்பாலும் தானே முடிவாகிவிடும். காவிரிப் படுகைக்கென்று சில தனிச் சிக்கல்களும் உண்டு. அவற்றையும் சேர்த்து ஒவ்வொன்றாக எடைபோடலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

வெயில். சித்திரை, வைகாசியில் திருச்சி, தஞ்சைப் பக்கம் நிழலிலேயே 38, 40 டிகிரி வரும். வெயிலில் நிற்கும் உலோகமும் கருங்கல்லும் அதற்கு மேல் வெகுதூரம் ஏறும். 60 டிகிரி சூடேறிய உலோகத்தில் ஐந்து நொடி கை வைத்தாலே தோல் புண்ணாகலாம். கண்ணால் பார்க்கிறவர் ஒரு பார்வையில் பார்த்துவிட்டுப் போய்விடுவார். கையால் பார்க்கிறவருக்கு அதே சிற்பத்துக்குப் பல நிமிடம் வேண்டும், அத்தனை நேரமும் தோல் அதன் மேல் இருக்கும். ஜெர்மனியில் எக்பர்ட் புரோர்கன் என்ற சிற்பி வார்த்த நகர மாதிரிகள் பல ஊர்ச் சதுக்கங்களில் திறந்த வெளியில் நிற்கின்றன. பார்வையற்றோருக்கான வெண்கலச் சிற்பம் என்றால் பலரும் காட்டும் படம் அவைதான். அந்த ஊர் வெயில் வேறு, நம் ஊர் வெயில் வேறு. கூரை இல்லாமல் அதே மாதிரியைக் கும்பகோணத்தில் வைத்தால் காலை பத்து மணிக்கு மேல் அது கண்ணால் மட்டும் பார்க்கும் சிற்பம்.

கைக்கு எட்டும் அளவு. ஒருவர் நின்ற இடத்தில் இரு கைகளாலும் தடவக்கூடிய பரப்பு ஏறத்தாழ 120 × 60 செ.மீ. அதற்கு மேல் போனால் சுற்றி நடக்க வேண்டும், முழு உருவம் மனத்தில் சேராது. பெரியதாக வைத்தால்தான் பெருமை என்று நினைப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இது. தஞ்சைப் பெரிய கோயிலின் வளாகம் தோராயமாக 240 × 120 மீட்டர். 200-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் சரியாக 120 × 60 செ.மீ. வரும். 216 அடி விமானம் 33 செ.மீ. உயரத்தில் நிற்கும், அதன் 13 தளங்களையும் விரலால் எண்ணலாம். ஆனால் அதே அளவில் நந்தி மூன்று செ.மீ. உருண்டையாகிவிடும், அது நந்தி என்று எந்த விரலும் சொல்லாது. நந்தி வேண்டுமென்றால் பக்கத்தில் தனியாக, பத்தில் ஒரு பங்கில் செய்ய வேண்டும். ஒரே மேசையில் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது.

நுணுக்கம். விரல் நுனி இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாக அறிய இடையில் 2 மி.மீ.யாவது வேண்டும். புடைத்த கோடுகளுக்கு ஒரு மி.மீ. உயரமும் மூன்று மி.மீ. இடைவெளியும் என்று வைத்துக்கொள்வது நல்லது. அதைவிட நெருக்கமான வேலைப்பாடு எல்லாம் விரலுக்கு வெறும் சொரசொரப்பு.

கும்பிடு. வெளியூர்க் கையேடுகள் எதிலும் இல்லாத அளவுகோல் இது. பொது இடத்தில் ஒரு நடராஜரை வைத்துப் பாருங்கள். சில நாளில் கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம், காலடியில் எண்ணெய் விளக்கு. எண்ணெயும் குங்குமமும் பள்ளங்களை அடைக்கும், பிரெயில் புள்ளிகள் மூடிப்போகும். அதற்குள் யாராவது ஒரு பெரியவர் "சாமியத் தொடாதீங்கப்பா" என்று சொல்லியிருப்பார். அவர் வளர்ந்த முறையில் அது சரியான பேச்சு. ஆகவே உருவத் தேர்விலேயே இதைத் தவிர்த்துவிட வேண்டும். மேலே சொன்ன தனி நந்திக்கும் இதே ஆபத்து உண்டு.

தொடுவதற்கென்றே பிறந்த உருவங்கள் டெல்டாவில் நிறைய. கல்லணை ஒன்று: 329 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 5.4 மீட்டர் உயரம். 300-இல் ஒரு பங்கில் 110 செ.மீ. நீளத்துக்கு, இரண்டு செ.மீ.க்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் வளைந்து கிடக்கும். ஆள்காட்டி விரலை அதன் முதுகில் வைத்து இழுத்தாலே வளைவு புரிந்துவிடும். ஆற்று வரைபடம் இன்னொன்று. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்து, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று கிளைத்துக் கடல் வரை போவதை விரல் தொடர்ந்துகொண்டே போகலாம். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம், தஞ்சாவூர் வீணை, ஏர், நெல் அளக்கும் மரக்கால் போன்றவற்றை உண்மை அளவிலேயே செய்யலாம். அளவைச் சுருக்காத பொருளைத்தான் கை மிக எளிதாக அடையாளம் காணும்.

களவும் கவனிப்பும். காயலான் கடைக்குப் போனால் காசாகும் பொருளா? இரவில் ஆள் உண்டா? ஐந்து ஆண்டு கழித்து மெழுகு பூசவும் பாசி தேய்க்கவும் யார் பொறுப்பு? பெயர் சொல்லிப் பதில் வராவிட்டால் வெண்கலத்தை அப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

## நான்கும் ஒரே பலகையாக

எடையை ஒப்பிட, 90 × 60 செ.மீ. புடைப்புப் பலகை ஒன்றை நான்கிலும் செய்வதாக வைத்துக்கொள்வோம்.

| | வெண்கலம் | கருங்கல் | சுடுமண் | ஃபைபர் |
|---|---|---|---|---|
| சராசரி கனம் | 8 மி.மீ. | 7.5 செ.மீ. | 4 செ.மீ. | 5 மி.மீ. |
| எடை (தோராயம்) | 37 கிலோ | 110 கிலோ | 41 கிலோ, பல துண்டுகளில் | 4 கிலோ, சட்டம் தனி |
| பொருளில் எடுக்கக்கூடிய மிகச் சிறிய வேலை | 1 மி.மீ. | 3 மி.மீ. | 2–3 மி.மீ. | 1 மி.மீ.க்கும் கீழ் |
| வெயிலில் | உடனே சுடும், நிழல் வந்தால் சீக்கிரம் ஆறும் | மெதுவாகச் சூடேறி இரவு வரை வைத்திருக்கும் | சூடு குறைவாக உறைக்கும் | சூடு குறைவாக உறைக்கும், ஆனால் மேற்பரப்பு கெடும் |
| பெரிய எதிரி | திருடன் | பாசி, பெயிண்ட் | உப்பு, உடைசல் | வெயில் |

கொட்டேஷன் வாங்கும்போது இந்த எடைக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். வெண்கலத்தில் விலை எடையோடு ஏறும். 8 மி.மீ. கனம் 12 ஆனால் 37 கிலோ 55 ஆகிவிடும், தொடுகிற கைக்கோ எந்த வித்தியாசமும் தெரியாது.

## வெண்கலம்

கைக்கு இதைவிட நல்ல பொருள் இல்லை. ஓரம் உருண்டு வரும், வளைவு வழுக்கிக்கொண்டு போகும், நிழலில் குளிர்ச்சி. பல பேர் தொடத் தொட மேடான இடங்கள் பளபளப்பாகி, ஓரளவு பார்வை உள்ளவர்களுக்கு அதுவே ஒரு நிற வேறுபாட்டையும் கொடுக்கும்.

சுவாமிமலை முறை தெரிந்ததுதான்: தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி உருவம் பிடித்து, அதன் மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லிசாகப் பூசி, அடுத்தடுத்த பூச்சில் மணல் சேர்ந்த மண் கட்டி, காய்ந்த பின் மெழுகை உருக்கி எடுத்துவிட்டு உலோகம் ஊற்றுவார்கள். நமக்கு இதில் முக்கியமான கட்டம் மெழுகு. திருத்தம் செலவே இல்லாமல் நடக்கக்கூடிய கட்டம் அது ஒன்றுதான். மண் கட்டுவதற்கு முன் பார்வையற்றவர்கள் இரண்டு மூன்று பேர் பட்டறைக்கே போய்த் தொட்டுப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். கைச்சூட்டில் மெழுகு இளகும் என்பதால் விடியற்காலையில், குளிர்ந்த நீரில் போட்டு எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஸ்தபதி தயங்கினால் மெழுகிலிருந்து ஒரு பிளாஸ்டர் படி எடுத்துக் காட்டலாம்.

ஸ்தபதியிடம் எழுத்தில் சொல்ல வேண்டியவை சில உண்டு.

முதலாவது, ஈயம். மரபுக் கலவையில் செம்புக்கும் பித்தளைக்கும் கூடவே கொஞ்சம் ஈயமும் சேரும். உருகிய உலோகம் மெல்லிய இடங்களுக்கும் ஓட அது உதவும். கருவறையில் இருக்கும் உருவத்துக்கு அது பொருட்டல்ல. ஆனால் குழந்தைகள் தடவிவிட்டு விரலை வாயில் வைக்கும் பொருளில் ஈயம் வேண்டாம். ஈயமில்லாமல் ஊற்ற அவர்களால் முடியும். மெல்லிய பகுதிகளை மட்டும் கொஞ்சம் தடிப்பாக வடிவமைக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, கனம். சுவாமிமலையில் திருமேனிகளைக் கனமாக, உள்ளீடு நிறைந்ததாகவே வார்ப்பது வழக்கம். அப்படியே விட்டால் நீங்கள் கேட்டது பலகை, கிடைப்பது பாளம். கனத்தை மி.மீ. கணக்கில் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

மூன்றாவது, நகை வேலை. வார்ப்புக்குப் பின் உளியால் ஆரமும் அரைப்பட்டிகையும் செதுக்குவதில்தான் ஸ்தபதியின் கைத்திறன் பேசும். விரலுக்கு அது எதுவுமே சேராது. அதைக் குறைக்கச் சொன்னால் மனம் வாடும், இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆடை, தோல், தலைமுடி மூன்றுக்கும் மூன்று வேறு பரப்பு இருந்தால் போதும்.

நான்காவது, ஊசித்துளைகள். காற்று தங்கிய இடத்தில் வரும் சிறு துளைகளைக் கண்ணுக்குத் தெரியாமல் பூசி மறைத்துவிடலாம், விரலுக்கு மறைக்க முடியாது. அழுக்கும் அதில்தான் தங்கும். உலோகம் ஊற்றிய குழாயின் அடித்தண்டு அறுத்த இடமும் அரம் போட்டு வழவழப்பாக்கப்பட வேண்டும். எடுத்துக்கொள்ளும் நாளில் கண்ணை மூடிக்கொண்டு முழுப் பரப்பையும் தடவி ஏற்பதே சரியான சோதனை.

மறைவான செலவு வார்ப்புக்குப் பிறகு வருகிறது. கூரை, இரவுக் காவல், ஆண்டுக்கு இரண்டு முறை தேன்மெழுகுப் பூச்சு. அதோடு, பற்று மிகுந்த துப்புரவுப் பணியாளர் ஒருவர் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் துலக்கிவிடாமல் பார்த்துக்கொள்வது. அந்த ஒரு துலக்கலில் மேல் நிறம் போகும், பொடி பள்ளங்களில் தங்கிக் கெட்டிப்படும்.

பல படிகள் வேண்டும் என்றால், உதாரணமாக ஐந்து ஊர்ப் பூங்காக்களுக்கு ஒரே ஆற்று வரைபடம், மெழுகு முறையைவிட நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறைகளின் மண் அச்சு வார்ப்பு பொருந்தும். தட்டையான புடைப்புக்கு அது போதும். பொருள் பித்தளை. தொட்ட கையில் ஒரு வாடை ஒட்டும், மழைக்காலத்தில் களிம்பு சீக்கிரம் ஏறும்.

தஞ்சாவூர்த் தட்டு மாதிரி தகட்டில் புடைத்துச் செய்யலாமே என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். மெல்லிய தகடு ஆயிரம் விரல்களின் அழுத்தத்தில் உள்வாங்கிவிடும், பின்னால் நிரப்பிய அரக்கு கோடையில் இளகும். அது சுவருக்கு அழகு, கைக்கு அல்ல.

## கருங்கல்

டெல்டாவில் மண் உண்டு, கல் இல்லை. பெரிய கோயிலுக்கே கல் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்துதான் வந்தது என்கிறார்கள். இன்றும் கல்லும் கல்தச்சரும் வெளியிலிருந்து வர வேண்டும். பெரும்பாலும் மாமல்லபுரத்துப் பட்டறையில் செதுக்கி, லாரியில் ஏற்றி, இங்கே கிரேன் வைத்து இறக்குவார்கள். 110 கிலோ பலகைக்கு நான்கு ஆள் போதும். அதை நிறுத்தும் பீடம் வண்டல் மண்ணில் அமர்வதால் அஸ்திவாரத்தைக் கொஞ்சம் ஆழமாகவே போட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் ஒரு பக்கம் சாயும்.

ஆனால் வைத்த பிறகு கல்லைப்போல உங்களை நிம்மதியாக விடும் பொருள் வேறில்லை. யாரும் தூக்கிப் போக மாட்டார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது கூரைகளும் தென்னைகளும் போனதைப் பார்த்த ஊர்களில், கல்லுக்காக வாதாட வேண்டிய அவசியமே இருக்காது.

கல்லின் பலவீனம் நுணுக்கம். மூன்று மி.மீ.க்குக் கீழே போனால் உளி விளிம்பை உடைக்கும், நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பகுதிகள் முதல் பள்ளி விடுமுறையிலேயே உடையும். அதை ஈடுகட்டக் கல்லுக்கு ஒரு வலிமை உண்டு, அது பரப்பு வேறுபாடு. கொத்திய பரப்பு, நெருக்கமாகப் புள்ளி கொத்தியது, வரி இழுத்தது, வழவழப்பாகத் தேய்த்தது என்று நான்கு பரப்புகள் கையில் தெளிவாகப் பிரியும். ஆற்று வரைபடத்தில் நீர் வழவழப்பு, வயல் வரி, ஊர் புள்ளி, கடல் அகன்ற அலை. நான்கைத் தாண்டி ஐந்தாவதைச் சேர்க்காமல் இருப்பது நல்லது, விரல் குழம்பும்.

ஆற்றைப் பள்ளமாக வெட்டுவதா, மேடாக விடுவதா என்பதில் கல்தச்சர் பள்ளத்தையே விரும்புவார், வேலை பாதி. பள்ளம் என்றால் விரல் உள்ளே இறங்கும்படி 12 மி.மீ. அகலமாவது வேண்டும். குறுகிய பள்ளத்தை விரல் தாண்டிப் போய்விடும். பள்ளத்தில் ஐப்பசி மழை தேங்கும், கொசுவும் பாசியும் வரும். ஆகவே கடல் பக்கமாகப் பலகையைச் சரித்து, கடைசியில் 8 முதல் 10 மி.மீ. வடிகால் துளை ஒன்று விடுங்கள். கிளைகள் நெருங்கும் கும்பகோணம் பகுதியில் மேடுதான் சரி.

எல்லா விளிம்புகளையும் மூன்று மி.மீ. ஆரத்துக்கு உருட்டச் சொல்லுங்கள். பளபளக்கும் கறுப்புக் கல்லைத் தவிர்த்து வெளிர் சாம்பல் கல்லை எடுங்கள், சூடு கொஞ்சம் குறையும். பாசியைத் தண்ணீரும் நார் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்தால் போகும். ஆசிட் வேண்டாம்.

இன்னொரு செலவு ரூபாயில் வராது: பெயிண்ட். திருவிழாவோ அமைச்சர் வருகையோ நெருங்கினால் ஊரில் நிற்கும் எல்லாவற்றுக்கும் எனாமல் பூசப்படும். இரண்டு முறை பூசினால் புள்ளி கொத்திய பரப்புக்கும் தேய்த்த பரப்புக்கும் வித்தியாசம் போய்விடும். "இதற்குப் பெயிண்ட் பூசக் கூடாது" என்று கல்லிலேயே வெட்டி வைத்த இடங்கள் பிழைத்துக்கொள்ளும்.

## சுடுமண்

நான்கில் டெல்டாவின் சொந்தப் பொருள் இதுதான். மண் இங்கே, மண்பாண்டம் செய்யும் வேளார் இங்கே, சூளை இங்கே. தோலுக்கு இணக்கமான சொரசொரப்பு, வெயிலில் உலோகம்போலச் சுட்டுவிடாத தன்மை, குறைந்த செலவு. பள்ளிக் குழந்தைகளே செய்து சுட்டுப் பதிக்கக்கூடியதும் இது ஒன்றுதான்.

செய்முறையில் தவறு நடக்கும் இடங்கள் தெரிந்தவையே. நுண்ணிய வண்டலை மட்டும் வைத்தால் காயும்போதே வெடிக்கும். சுட்ட ஓட்டை இடித்த பொடியை ஐந்தில் ஒரு பங்கு கலக்க வேண்டும். ஓடு 20 × 20 செ.மீ., கனம் மூன்று நான்கு செ.மீ., பின்புறம் குடைந்து கனத்தைச் சமப்படுத்த வேண்டும். நிழலில், ஈரச் சாக்கு மூடி, இரண்டு வாரம் மெதுவாகக் காய வேண்டும். காய்ந்து சுட்டு முடிக்கையில் மண் பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கும். எனவே 20 செ.மீ. ஓடு வேண்டுமென்றால் 22-க்கு மேல் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு ஓடும் வேறு வேறு அளவில் சுருங்குவதால் துண்டுகள் சரியாகப் பொருந்தாத தொல்லையும் உண்டு.

பொருத்தும்போது வரும் சிக்கலைக் கண்ணுள்ளவர்கள் யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் மூன்று நான்கு மி.மீ. சந்து இருக்கும். கண் அதை விட்டுவிட்டுப் படத்தைப் பார்க்கும். விரல் விடாது, ஆறு ஓடும் வழியில் குறுக்கே ஒரு கால்வாய் என்றே படிக்கும். சதுர ஓடுகளை அடுக்காமல், உருவத்தின் விளிம்பிலேயே வெட்டு வரும்படி துண்டாக்குங்கள்: கரை ஒரு துண்டு, ஆறு ஒரு துண்டு.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி போன்ற கரையோர ஊர்களில் சுடுமண்ணை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுவரின் அடி ஈரம் உப்பை மேலே ஏற்றும், உப்பு பூத்து ஓட்டின் முகம் செதிலாகப் பொரியும். முகத்தில் இருப்பதுதானே நம் சிற்பம். உள்மாவட்டத்திலும் சுவருக்கும் ஓட்டுக்கும் இடையில் இரண்டு செ.மீ. காற்றிடைவெளி விட்டு, தரையிலிருந்து 60 செ.மீ.க்கு மேலே பதிப்பது நல்லது.

உடைசல் உறுதி. ஆகவே முதல் சூளையிலேயே இரண்டு செட் சுட்டு ஒன்றைப் பெட்டியில் வையுங்கள். பிறகு தனியாகச் செய்தால் சுருக்கம் வேறாகி, ஓடு பொருந்தாது.

## ஃபைபர்

வெளியில் வைக்க வேண்டாம்.

மேலே உள்ள ஜெல் பூச்சு அரை மி.மீ.தான். வெயிலில் அது சுண்ணாம்புபோலப் பொடியும், விரல்கள் தேய்க்கும், பிறகு உள்ளே இருக்கும் கண்ணாடி இழை வெளியே வரும். பார்க்கிறவருக்கு அது நிறம் மங்கியதாகத் தெரியும். தொடுகிறவருக்கு விரலில் சிலாம்பு ஏறும். வெண்கல நிறம் பூசிய ஃபைபர் என்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. தட்டிப் பார்த்தால் உள்ளே கூடு என்று சத்தம் சொல்லிவிடும். கண்ணுள்ளவருக்கு வெண்கலம், கண்ணில்லாதவருக்கு பிளாஸ்டிக் என்று ஒரே பொருளை இரண்டாகப் பரிமாறுவதில் நியாயமில்லை.

உள்ளே வைக்க இது நல்ல பொருள். நான்கு கிலோ பலகையை ஆட்டோவில் வைத்துப் பள்ளி பள்ளியாகக் கொண்டு போகலாம். ஒரே அச்சில் பத்துப் படி எடுக்கலாம். அருங்காட்சியகத்தின் உள்ளே, நூலகத்தில், கண்காட்சியில் இதுவே போதும். டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2015-இல் திறந்த 'அனுபவ்' தொடு கூடத்தில் இருப்பவையும் மூலச் சிற்பங்களின் படிகள்தான். ஒரு வருடம் ஃபைபரை உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு, திருத்தி, அதே அச்சிலிருந்து மெழுகு எடுத்து வெண்கலமாக வார்ப்பது பணத்தை மிச்சப்படுத்தும் வழி.

முப்பரிமாண அச்சுப் பொருளையும் இங்கேயே முடித்துவிடலாம். அதில் அதிகம் புழங்கும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் 60 டிகிரியை நெருங்கும்போதே இளகும். நிறுத்திய காருக்குள் வைத்தாலே கோணும். அடுக்கு அடுக்காக வரும் வரிகளை விரல் வேலைப்பாடு என்று நினைக்கும். மாதிரி பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

## ஐந்தாவது வழி: கல்மேசையில் வெண்கலம்

கொட்டேஷனில் இது தனித் தலைப்பாக வருவதில்லை, ஆனால் பெரும்பாலான டெல்டா ஊர்களுக்கு என் முடிவு இதுதான். தரை, மதில், வயல், ஆறு எல்லாம் கருங்கல். சொல்ல வந்த ஒரே ஒரு பொருள் மட்டும் வெண்கலம். 200-இல் ஒரு பங்கு பெரிய கோயிலில் விமானத்தை மட்டும் வெண்கலத்தில் வார்த்தால், 15 செ.மீ. அடியும் 33 செ.மீ. உயரமும் கொண்டது, உள்ளீடு நிறைந்ததாகவே வார்த்தாலும் ஏறத்தாழ 21 கிலோ. வளாகம் முழுவதையும் ஒரு செ.மீ. தகடாக வார்த்தால் அடித்தளம் மட்டும் 60 கிலோவைத் தாண்டும்.

செலவு குறைவது ஒரு பக்கம். கைக்கு இது நேரடியாகப் பேசும் என்பதுதான் பெரிய காரணம். சொரசொரப்பான கல்லிலிருந்து குளிர்ந்த வழவழப்புக்கு விரல் ஏறும் அந்த இடத்தில் "இங்கே கட்டடம் தொடங்குகிறது" என்பதை எழுத்தே இல்லாமல் தெரிந்துகொள்ளும்.

பொருத்துவதற்கு 12 மி.மீ. எவர்சில்வர் கம்பி இரண்டை வெண்கலத்தின் அடியில் பதித்து, கல்லில் 10 செ.மீ. ஆழம் துளையிட்டு எப்பாக்ஸி ஊற்றி இறக்க வேண்டும். கலசத்தை உண்மை விகிதத்தில் செய்யாதீர்கள். அது ஊசியாகிவிடும், குனிந்து தொடுகிறவரின் முகத்துக்கு நேரே இருக்கும். நுனியை 12 மி.மீ. தடிப்பில் மழுங்கலாக முடியுங்கள். மழையில் வெண்கலத்திலிருந்து வழியும் பச்சைக் கறை வெளிர் கல்லில் இறங்கும், கூரை அதையும் தடுக்கும்.

## பிரெயிலைச் சிற்பத்தில் வார்க்காதீர்கள்

எந்தப் பொருளைத் தேர்ந்தாலும் பெயர்ப்பலகை தனி. எவர்சில்வர் தகட்டில் செய்து, கழற்றி மாற்றக்கூடிய திருகாணியில் பொருத்துங்கள். கரையோரத்தில் 316 தரம், உள்மாவட்டத்தில் 304 போதும். சேர்த்து வார்த்தால் ஒரு எழுத்துப் பிழைக்காக மொத்தச் சிற்பத்தையும் மாற்ற வேண்டி வரும். சுடுமண் என்றால் புள்ளி இடைவெளியும் சுருங்கிவிடும்.

பிரெயிலுக்கு அளவு நிலையானது. ஓர் எழுத்தின் கட்டத்துக்குள் புள்ளிக்குப் புள்ளி 2.5 மி.மீ., கட்டத்துக்குக் கட்டம் ஆறு மி.மீ.க்குச் சற்று மேல், வரிக்கு வரி 10 மி.மீ., உயரம் 0.6 முதல் 0.9 மி.மீ. தூரத்திலிருந்தும் தெரியட்டும் என்று பெரிதாக்கினால் யாராலும் படிக்க முடியாது. அச்சில் எடுக்கும்போது புள்ளிகள் குழியாகவோ கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியோ வந்துவிடும் விபத்து உண்டு. காகிதத்தில் புள்ளிகளைக் கறுப்பாக அச்சடித்து ஒட்டிவிட்டு பிரெயில் பலகை என்று திறப்புவிழா நடத்துவதும் உண்டு, அதைப் பற்றி என்ன சொல்ல.

தமிழ்ப் பிரெயிலில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலி வரிசையில் வரும். 'கெ' என்பதில் கொம்பு கண்ணுக்கு முன்னால் நிற்கிறதே என்று அதை முன்னால் எழுதினால் பிழை. மென்பொருள் மாற்றித் தந்ததை அப்படியே பட்டறைக்கு அனுப்பாமல், பிரெயில் படிக்கும் ஒருவரிடம் காகிதத்தில் குத்திக் காட்டிச் சரிபாருங்கள். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசுப் பள்ளிகள் உள்ளன. அங்கே ஆசிரியர்களிடம் கேட்கலாம்.

சர்க்கரை நோயாலோ கண்நீர் அழுத்தத்தாலோ நடுவயதில் பார்வை இழந்தவர்களில் பலர் பிரெயில் கற்றிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு ஒலி வேண்டும். கைபேசியில் திறக்கும் கியூஆர் குறியீடு மலிவு. அது எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிய அதைச் சுற்றி இரண்டு மி.மீ. புடைத்த சட்டம் வேண்டும். பொத்தான் அழுத்தினால் பேசும் பெட்டி மழைக்காலத்தைத் தாண்டுவதில்லை.

## எந்த ஊருக்கு எது

காவலாளும் கூரையும் உள்ள அருங்காட்சியக முற்றம், கல்லூரி வளாகம்: வெண்கலம், அதுவும் உண்மை அளவு நாதஸ்வரம்போல ஒரே பொருள். பேருந்து நிலையம், ஆற்றங்கரைப் பூங்கா, யாரும் கவனிக்காத இடம்: கருங்கல் மட்டும். கடலோரம்: கருங்கல். உள்மாவட்டப் பள்ளிச் சுவர்: சுடுமண், இரண்டாவது செட்டோடு. இன்னும் இடம் முடிவாகவில்லை, பணமும் குறைவு: ஃபைபரில் ஒரு மாதிரி, பள்ளிகளைச் சுற்றி வரட்டும். கூரை போட முடியும், காவல் அரைகுறை: கல்மேசையில் வெண்கலம்.

கூரைக்குப் பணம் இல்லை, வெண்கலத்துக்கு இருக்கிறது என்றால், வெண்கலத்தைச் சிறிதாக்கிக் கூரை போடுங்கள்.

## ஆர்டர் கொடுப்பதற்கு முன்

பொருளை ஒப்பந்தம் செய்யும் முன் களிமண்ணிலோ தெர்மாகோலிலோ முழு அளவு மாதிரி ஒன்று செய்து, பிறவியிலேயே பார்வையற்றவர், பிறகு இழந்தவர், ஓரளவு பார்வை உள்ளவர் என்று மூன்று வகையினரிடமும் கொடுங்கள். "இது கல்லணை" என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால் சோதனை வீண். என்ன என்று கேளுங்கள், எங்கே விரல் நின்றது, எங்கே திரும்பி வந்தது என்று குறியுங்கள். கோபுரத்தைத் தூரத்திலிருந்து பார்த்ததே இல்லாத ஒருவர் விமானத்தைத் தேர் என்று சொன்னால் அவர் தவறில்லை. பக்கத்தில் ஆள் உயரம் எவ்வளவு என்று காட்ட ஒரு சிறு உருவம் வைக்க வேண்டும், 200-இல் ஒரு பங்கில் அது எட்டு மி.மீ. குச்சி.

மேசையின் மேல்மட்டம் தரையிலிருந்து 75 முதல் 80 செ.மீ., சக்கர நாற்காலி நுழைய அடியில் 70 செ.மீ. காலியிடம். செங்குத்துப் பலகை மணிக்கட்டை மடக்கும். 15 முதல் 30 டிகிரி சரித்து வையுங்கள். நுழைவாயிலிலிருந்து சிற்பம் வரை, காலாலும் கோலாலும் வழி அறிய உதவும் புடைத்த தொடு ஓடு பதியுங்கள், வழியில் டூவீலர் நிறுத்தாமல் இரண்டு கல்தூண் நடுங்கள்.

பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் போன்ற தொல்லியல் துறைச் சின்னங்களுக்குப் பக்கத்தில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு அடுத்த 200 மீட்டருக்குத் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் அனுமதி வேண்டும். பீடமும் கூரையும் கட்டுமானம்தான். வார்ப்புக்கு முன்பணம் கொடுத்துவிட்டு இதைக் கண்டுபிடித்தால் விமானம் ஸ்தபதியின் பட்டறையிலேயே நிற்கும்.